நீரிழிவும் தன்னாட்சி நரம்புத் தொகுதியும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

அரசர்க்கும் அரசுகட்கும் வரலாறு உண்டாதல் போல நோய்கட்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு இருதிறப்படும். ஒரு நோய் மக்களை வருத்திய வரலாறு ஒன்று. அந்நோயின் இயல்பை மக்கள் அறிந்துகொண்ட வரலாறு மற்றொன்று. நூல்கள் நீரிழிவு என்றும் யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்றும் வழங்கும் பிணியைப் பொறுத்தவரை இவ்விரண்டும் நெடுங்காலம் தம்முட் பொருந்தாது சென்றன. நோய் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அறியப்பட்டது. ஆயின், அது நாட்பட்டு நிற்குமிடத்து இருதயம், இரைப்பை, குடல், நீர்ப்பை, வியர்வைச் சுரப்பி ஆகியவற்றை இயக்கும் நரம்புகளை மெல்ல மெல்ல அழிக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் ஐயந்திரிபற நிறுவப்பட்டது. இத்துணைக் காலந்தாழ்ப்பு நேர்ந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பார், மருத்துவ அறிவு நேர்வழியிற் செல்லாது வளைந்தும் திரும்பியும் சென்ற ஒரு பாதையைக் காண்பர்.

முதற்கண் அந்நரம்புகள் எத்தன்மையன என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். கையை உயர்த்துதலும் காலை எடுத்து வைத்தலும் மனிதன் எண்ணிச் செய்யுஞ் செயல்கள். இருதயத் துடிப்பை விரைவாக்குதல், உண்ட உணவை இரைப்பையினின்று குடலுக்குச் செலுத்துதல், வெயிலில் வியர்த்தல், இருளிற் கண்மணியை விரித்தல் என்பன அவன் எண்ணாமலே நிகழ்வன. ஒருவன் படுக்கையினின்று எழுந்து நிற்குமிடத்து அரை இலீற்றருக்கு மேற்பட்ட குருதி கால்களிலும் வயிற்றிலும் இறங்குகின்றது. ஆயினும் அவன் மயங்கி வீழ்வதில்லை. கணப்பொழுதிற் குருதிக் கலன்கள் சுருங்குகின்றன, இருதயம் விரைகின்றது, மூளைக்குக் குருதி குறையாது செல்கின்றது. இவற்றையெல்லாம் ஆள்வது தன்னாட்சி நரம்புத் தொகுதி. இதன் பிரிவுகளாகிய பரிவு நரம்புகளும் பரபரிவு நரம்புகளும் பெரும்பாலும் ஒன்றற்கொன்று மறுதலையாகத் தொழிற்பட்டு உடலைச் சமநிலையில் நிறுத்துகின்றன. நல்ல வேலைக்காரன் இருப்பது வீட்டுக்காரனுக்குத் தெரியாதவாறு போல, இத்தொகுதி செவ்வே இயங்குங்காறும் இஃது உண்டென்பதே ஒருவனுக்குத் தோன்றுவதில்லை.

இனி நோயின் வரலாற்றுக்கு வருவோமாயின், சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல்கள் சிறுநீர் தேன் போல இனிக்கும் மதுமேகத்தைக் குறிப்பிடுகின்றன. கப்பதோக்கியா நாட்டு அரெத்தேயசு என்னும் கிரேக்க மருத்துவர், தசையும் உறுப்பும் உருகிச் சிறுநீராய்க் கழியும் நோய் இதுவெனக் கூறினார். அவர் கண்ட நோயாளர் நெடுநாள் உயிர்வாழ்ந்தாரல்லர். இக்குறிப்பு நினைவிற்கொள்ளத்தக்கது, பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டுத் தோமஸ் வில்லிஸ் என்பார் இவ்வரலாற்றில் ஒரு விந்தையான இடத்தைப் பெறுகின்றார். 1664இல் அவர் வெளியிட்ட மூளையின் உடற்கூற்று நூல், பிற்காலத்திற் பரிவு நரம்பு எனப்பட்ட விலாவிடை நரம்பையும், மார்பிலும் வயிற்றிலும் அலைந்து செல்லும் வேகசு நரம்பையும் வேறுபிரித்துக் காட்டியது. பத்தாண்டுகள் கழிய, 1674இல் வந்த அவரது மற்றொரு நூல் நீரிழிவாளரின் சிறுநீர் இனிக்கும் என்பதை ஐரோப்பியருக்கு உணர்த்திற்று. நரம்பையும் நோயையும் ஒருங்கே ஆராய்ந்த அவர், நீண்ட துயரம் இந்நோயை விளைக்குமென எண்ணினாரேயன்றி, நோய் நரம்பைக் கெடுக்கும் என்பதைக் கண்டாரல்லர். 1776இல் லிவர்பூல் நகர மருத்துவர் மத்தியூ டொப்சன் சிறுநீரை வற்றச்செய்து அதிலுள்ள பொருள் சர்க்கரையே எனக் காட்டியதோடு, குருதி நீரும் இனிப்புடையது என்றார். நோய் சிறுநீரகத்தளவில் நிற்பதன்று, உடல் முழுவதையும் பற்றியது என்னும் கருத்து இவ்வாறு தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வரலாறு ஒரு பெருந் திருப்பத்தை அடைந்தது. பாரிசு நகரத்திலே குளோட் பேர்னாட் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் 1849இல் ஒரு சோதனை செய்தார். முயலின் மூளையடியில், நான்காம் மூளையறையின் தளத்தில், கூரிய கருவியாற் குத்தியபொழுது சிறிது நேரத்தில் அவ்விலங்கின் சிறுநீரிற் சர்க்கரை தோன்றியது. வேகசு நரம்பை வெட்டிய பின்னும் இவ்விளைவு மாறவில்லை. ஆதலின் செய்தி முண்ணாண் வழியே பரிவு நரம்புகளினூடாக ஈரலை அடைகின்றதென அவர் துணிந்தார். ஈரல் சர்க்கரையை ஆக்கும் ஆற்றலுடையது என்பதையும் அவரே நிறுவினார். இச்சோதனை அக்கால மருத்துவருலகைக் கவர்ந்தமை வியப்பன்று. முயலின் சிறுநீரிற் சர்க்கரை சில மணிநேரமே நின்றது. மனிதனின் நீரிழிவோ வாழ்நாள் முழுவதும் நிற்பது. எனினும், நரம்புக் கேடே நீரிழிவை உண்டாக்குகின்றது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. நீரிழிவாளன் ஒருவனுக்குக் காலில் எரிவோ மரப்போ காணப்படின், அந்நரம்பு நோய் முன்னது, நீரிழிவு பின்னது என்றே மருத்துவர் முடிபு செய்தனர்.

பேர்னாட் கண்ட உண்மை பொய்யன்று. அதிலிருந்து பிறர் வருவித்த முடிபே வழுவுடையது. 1901இல் புளும் என்பார் அதிரீனற் சுரப்பியின் சாறு சிறுநீரிற் சர்க்கரையைத் தோற்றுவிக்கும் எனக் காட்டினார். மூளையடியிற் குத்தப்பட்ட முயலில் நிகழ்ந்தது, பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு ஈரலிற் சேமித்த சர்க்கரை குருதியிற் பாய்ந்தமையே. ஆபத்து வேளையில் உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் செயல் அது. இன்னும், பரிவு நரம்பைக் கழுத்தில் வெட்டின் அப்பக்கத்துக் காது வெம்மையுறும் என 1850களின் தொடக்கத்தில் விளக்கிக் குருதிக் கலன்களை நரம்பு ஆளும் உண்மையை வெளிப்படுத்தியவரும் பேர்னாடே. நீரிழிவிற் கெடும் நரம்புகளைத் தம் கையாலேயே ஆராய்ந்த ஒருவரின் பெயரே, அக்கேட்டைக் கண்டறியவொட்டாது ஒரு தலைமுறை மருத்துவரைத் தடுத்தது. பெரியார் ஒருவரின் புகழ், அவர் சொல்லாத ஒன்றையும் மெய்யாக்கிவிடும் போலும்!

இக்கருத்தை எதிர்த்து எழுந்தவர் பிரெஞ்சு மருத்துவராகிய மார்சால் த கால்வி. 1864இல் வெளிவந்த தம் நூலிலே, நரம்புக் கேடு நீரிழிவின் காரணமன்று, காரியமே என அவர் வாதித்தார். நோயாளரை அருகிருந்து நோக்கிப் பெற்ற முடிபு அது. காரணகாரிய முறையைத் தலைகீழாகத் திருப்பிய இந்நூலே இவ்வரலாற்றின் நடுநாயகம் எனலாம்; ஆயினும் இன்று அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலரே. அவர் கூற்றை உலகம் உடனே ஏற்கவுமில்லை. சோதனைச்சாலையில் முயலைக் கொண்டு காட்டப்பட்டதற்கும், வைத்தியசாலைப் படுக்கையருகே கண்டதற்கும் போட்டி ஏற்படின் முன்னதே வெல்லும் காலம் அது.

உண்மை வேறொரு வாயிலால் உட்புகுந்தது. 1875இல் ஜெர்மனிய அறிஞராகிய ஏர்ப், வெஸ்ற்பால் என்னும் இருவர் முழங்காற் சிரட்டையின் கீழுள்ள நாரைத் தட்டுங்கால் கால் துள்ளும் அனிச்சைச் செயலை விவரித்தனர். சிறு சுத்தியல் ஒன்று மருத்துவரின் பையிற் புகுந்தது. 1884இல் புஷார் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் நீரிழிவாளர் பலரிடத்து இத்துள்ளல் அற்றுப்போவதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் இலண்டன் மருத்துவர் பேவி, இரவில் மிகும் கால்வலி, எரிவு, உணர்விழப்பு ஆகியவற்றைத் தெளிவாக எடுத்துரைத்தார். இப்பேவி இளமையிற் பாரிசு சென்று பேர்னாடிடம் பயின்றவர். பின்னர் ஈரல் பற்றிய கொள்கையில் ஆசிரியரோடு முரணியவர். 1889இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வொன் மெரிங்கும் நாயின் சதையியை அகற்றி நீரிழிவை உண்டாக்கியதோடு, நோயின் பிறப்பிடம் நரம்பு என்ற கொள்கை வலியிழந்தது.

இங்ஙனம் கைகால் நரம்புகளின் கேடு அறியப்பட்டதாயினும் உள்ளுறுப்பு நரம்புகளின் கேடு அறியப்படவில்லை. அறிதற்குரிய சொல்லே அக்காலத்தில் இல்லை. பெயரில்லாத பொருளை ஒருவர் தேடுதல் எங்ஙனம்? அப்பெயரை அளித்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே காஸ்கெல் அனிச்சை நரம்புகளின் அமைப்பை ஆராய்ந்தார். இலாங்லி என்பார் 1889இல் டிக்கின்சனோடு சேர்ந்து, நிக்கொட்டீனை நரம்புத் திரட்டுகளிற் பூசி, எந்நரம்பு எத்திரட்டில் முடிகின்றதென வரையறுக்கும் முறையைக் கண்டார். 1898இல் அவர் இத்தொகுதிக்குத் தன்னாட்சி என்னும் பெயரை இட்டார். முற்றிலும் சுதந்திரமான ஆட்சியன்று, மேலாணையின் கீழ் ஓரளவு தானே இயங்கும் ஆட்சி என்பதே அவர் கருத்து. பரபரிவு என்னும் பெயரை 1905இல் வழங்கினார். ஆனால் இலாங்லியின் ஆய்வு பூனைகளையும் நாய்களையும் பற்றியது. நீரிழிவாளரைக் காணும் மருத்துவரும், நரம்புத் திரட்டை வரையும் அறிஞரும் ஒருவரையொருவர் எதிர்ப்பட இன்னும் நாற்பதாண்டுகள் கழியவேண்டியிருந்தது.

அதற்குள் நிகழ்ந்த பெருநிகழ்ச்சி இன்சுலின். 1921இல் கனடா நாட்டு ரொறன்ரோவிலே பாண்டிங், பெஸ்ற் என்போர் தொடங்கி, மக்லியொட், கொலிப் ஆகியோர் துணையோடு நிறைவேறிய கண்டுபிடிப்பு அது. 1922 சனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இளவயதில் இந்நோயுற்றோர் பட்டினிபோல் உண்டும் ஓரிரு ஆண்டுகளில் மாண்டனர். இன்சுலின் அவர்களை வாழச் செய்தது. அமெரிக்க நீதியரசர் சாள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்பாரின் மகளான எலிசபெத், 1922இற் சிகிச்சை பெறத் தொடங்கி 1981வரை வாழ்ந்தார். நோயின் பழைய முகம் மறைந்தது. ஆனால் நாட்பட்ட நீரிழிவு என்பதொன்று பேரளவில் உலகிற்கு வந்தது அப்பொழுதேயாம். நரம்பு கெடுதற்கு ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளை இளம் நோயாளர்க்கு ஈந்தது இன்சுலினே. ஆதலின் அம்மருந்தின் வெற்றியே அதுவரை மறைந்துகிடந்த கேட்டை வெளிக்கொணர்ந்தது.

1936இல் பொஸ்ரன் நகரில் ஜொஸ்லினின் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜோடன், நரம்புக் கேடுற்ற 226 நீரிழிவாளரைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் மேயோ மருத்துவ நிலையத்தார் நீரிழிவாளரின் வயிற்றோட்டத்தைத் தனிநிலையாக எடுத்துரைத்தனர். 1945இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றண்டில்ஸ் 125 நோயாளரின் வரலாறுகளைத் திரட்டி எழுதிய ஆய்வு இத்துறையின் தூண். எழுந்து நின்றால் தலைசுற்றி விழுதல், இரவில் அடிக்கடி நேரும் வயிற்றோட்டம், நீர்ப்பை நிரம்பியும் உணர்வின்மை, கால்கள் வியர்வையற்று வறண்டிருக்க முகமும் மார்பும் மிகுதியாக வியர்த்தல், ஆண்மைக் குறைவு ஆகிய தொடர்பற்றன போலத் தோன்றும் முறைப்பாடுகள் ஒரே வேரில் முளைத்தவை என்பது இதனாற் புலனாயிற்று. 1953இல் மார்ற்றின் என்பவர் இலண்டனில் 150 நோயாளரை ஆராய்ந்து இம்முடிபை உறுதிப்படுத்தினார்.

இவ்விடத்துச் சிறிது தரித்து நோக்குதல் தகும். இம்முறைப்பாடுகளை நோயாளர் அதற்கு முன்னரும் கூறியே இருப்பர். ஒருவன் தலைசுற்றுகிறது என்றால் பலவீனம் என்றும், வயிறு நிலைகொள்ளவில்லை என்றால் உணவுக் குற்றம் என்றும், மணவாழ்விற் குறைவு என்றால் மனக்கவலை என்றும் தனித்தனியே விடை கூறுதல் எளிது. ஆண்மைக் குறைவைக் குறித்து வாய்திறவாதோரே பலர். திறந்தோரும் அது தம் மனத்தின் குற்றமென்றே எண்ணினர். நரம்பும் குருதிக் கலனும் கெட்டமையால் வரும் உடல்நோய் அதுவென அறிதல், மருந்து ஒன்றும் கொடாவிடினும், ஒரு குடும்பத்தில் எத்துணைப் பழிச்சொல்லை நீக்கவல்லது!

இரைப்பையின் வரலாறும் இத்தகையதே. 1958இல் கசாண்டர் என்னும் அமெரிக்க மருத்துவர், உணவு நெடுநேரம் இரைப்பையிலே தேங்கியும் நோயாளர் அதனை உணராதிருத்தலைக் கண்டு அதற்கு ஒரு பெயரிட்டார். வேகசு நரம்பு தளர்ந்தமையின் இரைப்பை அசைவற்றுக் கிடக்கின்றது. இதனால் வருங் கேடு உணவு தேங்குதல் மாத்திரமன்று. உண்ணுமுன் ஏற்றிய இன்சுலின் குறித்த நேரத்திற் தொழிற்பட, உணவோ குருதியைச் சேராது நிற்கும். சர்க்கரை திடீரென வீழும். பின்னர் உணவு மெல்ல இறங்க, சர்க்கரை எல்லைமீறி உயரும். நோயாளன் கட்டுப்பாடில்லாதவன் என ஏச்சுக் கேட்பான். குற்றம் அவனுடையதன்று, அவன் இரைப்பையுடையது.

சர்க்கரை வீழ்ச்சியைப் பற்றிக் கூறுமிடத்து மற்றொன்றும் கூறல் வேண்டும். குருதியிற் சர்க்கரை குறையுமாயின் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, உடல் வியர்க்கும். இவை பரிவு நரம்புகளும் அதிரீனலினும் எழுப்பும் அபாய மணி. அந்நரம்புகள் கெட்டோரிடத்து மணி ஒலிப்பதில்லை. எச்சரிக்கை யாதுமின்றி அறிவு மயங்கும். நரம்பு கெடாதாரிடத்தும் இவ்வீழ்ச்சி பலகால் நேரின் மணி மங்கும் என்பது பின்னர் அறியப்பட்டது. நெஞ்சுவலியும் இவ்வாறே. 1962இல் பிராட்லி, ஷோன்பீல்ட் என்போர் மாரடைப்புற்ற நீரிழிவாளரிடத்து வலி குறைந்தோ இல்லாமலோ இருத்தலை எடுத்துக்காட்டினர். இளைப்பும் வியர்வையும் வாந்தியும் மாத்திரமே தோன்ற, அஃது அசீரணம் என்று வீட்டிலேயே கிடந்து இறப்பார் உளர்.

இத்துறை விவரிக்கும் நிலையிலிருந்து அளக்கும் நிலைக்கு உயர்ந்தது 1970களில். நலமுற்றவனின் இருதயம் மணிக்கூடு போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது விரைந்தும் வெளிவிடும்போது தாழ்ந்தும் துடிக்கும். வேகசு நரம்பின் செயல் அது. 1973இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையைச் சேர்ந்த வீலர், வற்கின்ஸ் என்போர், தன்னாட்சி நரம்பு கெட்ட நீரிழிவாளரிடத்து இவ்வேற்றத்தாழ்வு அற்றுப்போதலைக் காட்டினர். மிக ஒழுங்கான நாடியே நோயின் அறிகுறியாயிற்று! நாடி சீராயிருத்தலே நலம் எனக் கருதிவந்த பொதுமக்களுக்கு இது முரணாகத் தோன்றும். அதே ஆண்டிலே வற்கின்ஸ், பாற்கட்டி முதலியன உண்டவுடன் முகமும் தலையும் கொட்டும் வியர்வையால் நனைதலையும் இக்கேட்டின் குறியாக விவரித்தார்.

எடின்பரோவில் யூயிங், கம்பெல், கிளாக் ஆகியோர் ஊசியோ கத்தியோ வேண்டாத சோதனைகளை வகுத்தனர். நிமிடத்துக்கு ஆறுமுறை ஆழ்ந்து மூச்சுவிடச் செய்து இருதயத் துடிப்பின் வேறுபாட்டை அளத்தல் ஒன்று. பதினைந்தும் அதற்கு மேலும் வேறுபடின் நலம், பத்தும் அதற்குக் கீழும் எனில் கேடு என முதலில் வகுத்தனர். முதுமையில் இவ்வேறுபாடு இயல்பாகவே குறையும் என்பது பின்னர்க் கருத்திற் கொள்ளப்பட்டது. படுத்திருந்தவரை எழுந்து நிற்கச் செய்து நாடியையும் குருதியமுக்கத்தையும் நோக்குதலும், கைப்பிடியை இறுகப் பற்றச் செய்தலும் ஏனையவை. இன்னொன்று, இரசத்தை 40 மில்லிமீற்றர் உயர்த்துமளவிற்குப் பதினைந்து விநாடி குழாயில் ஊதச் செய்தல். இது வல்சல்வா என்னும் இத்தாலியர் பெயரால் வழங்குவது. 1704இல் அவர் எழுதியது காதைப் பற்றிய நூல்; மூக்கையும் வாயையும் மூடி ஊதச் சொன்னது காதுச் சீழை வெளியேற்ற. அம்முறை மூன்று நூற்றாண்டளவிற்குப் பின் நீரிழிவாளரின் இருதய நரம்பை அளக்கப் பயன்படுமென அவர் கனவிலும் கருதியிரார்.

எடின்பரோவினரின் 1980ஆம் ஆண்டு ஆய்வு மருத்துவரைத் திடுக்கிடச் செய்தது. 73 நீரிழிவாளரைத் தொடர்ந்து நோக்கியதில், சோதனைகளிற் கேடு காணப்பட்டோருள் ஐந்தாண்டிற்குள் இறந்தோர் நூற்றுக்கு 56 பேர். அவ்விறப்புகளிற் பாதி சிறுநீரகம் செயலிழந்தமையால். ஏனையவற்றுட் சில எதிர்பாராத திடீர் மரணங்கள். வைத்தியசாலைக்குக் கடுநோயோடு வந்தோரைப் பற்றிய கணக்கு அதுவாதலின் எல்லார்க்கும் பொருத்துதல் கூடாது. பின்வந்த ஆய்வுகள் இதனிற் குறைந்த அளவையே தந்தன. ஆயினும் 15 ஆய்வுகளில் இடம்பெற்ற 2,900 பேரை ஒருங்குவைத்து 2003இல் வெளிவந்த கணிப்பும், இருதயத்தின் தன்னாட்சி நரம்பு கெட்டோர்க்கு இறப்பின் அபாயம் ஏறக்குறைய இருமடங்கு என்றே காட்டியது.

நரம்பு கெடுவது எதனால்? குருதியில் மிகுந்த குளுக்கோசு நரம்பினுள்ளே சோபிற்றோல் என்னும் பொருளாக மாறித் தங்குவதை 1966இல் கபே முதலியோர் காட்டினர். நரம்புக்கு உணவூட்டும் நுண்கலன்கள் தடிப்புற்று ஒட்சிசன் குறைதல், சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொள்ளுதல் முதலிய காரணங்களும் கூறப்பட்டன. இவற்றுள் ஒன்றே முழுக் காரணம் என்று எவரும் இன்று வாதிப்பதில்லை. காலம் ஒரு காரணம் என்பதில் மட்டும் ஐயமில்லை. பெல்ஜிய மருத்துவர் பிரார் 1947 முதல் 1973 வரை ஏறக்குறைய 4,400 நோயாளரைப் பின்தொடர்ந்து, நோய் கண்ட தொடக்கத்தில் நூற்றுக்கு எட்டுப்பேரளவில் இருந்த நரம்புக் கேடு இருபத்தைந்தாண்டு சென்றபின் நூற்றுக்கு ஐம்பதாக உயர்ந்தமையைக் கண்டார்.

சர்க்கரையை அடக்கினால் நரம்பு பிழைக்குமா என்னும் வழக்கு 1993இல் ஒருவாறு தீர்ந்தது. வட அமெரிக்காவில், இன்சுலினின்றி வாழவியலாத வகை நீரிழிவுடைய 1,441 பேரிடத்து நடந்த சோதனையில், சர்க்கரையை நெருங்கிக் கட்டுப்படுத்தியோர்க்கு நரம்புக் கேடு நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்தது. தன்னாட்சி நரம்புகளின் தளர்ச்சியும் மெதுவாயிற்று. நடுவயதில் வரும் மற்றை வகையில் விடை அத்துணைத் தெளிவாயில்லை. அமெரிக்காவில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடத்துத் தொடங்கிய பெருஞ் சோதனையொன்றில், சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்தோருள் இறப்பு மிகுந்தமையால் அப்பகுதி 2008இல் நிறுத்தப்பட்டது. அதற்கு மாறாக, டென்மார்க்கின் ஸ்தெனோ நிலையத்தார் 160 பேரிடத்துச் சர்க்கரை, குருதியமுக்கம், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி, புகைத்தல் அனைத்தையும் ஒருங்கே திருத்த முயன்றனர். 1999இலும் 2003இலும் வெளிவந்த முடிவுகள் வியப்பானவை. கால் நரம்புகளின் கேட்டை அம்முயற்சி தடுக்கவில்லை. உள்ளுறுப்புகளின் தன்னாட்சி நரம்புக் கேடோ பாதிக்கு மேல் குறைந்தது.

கெட்ட நரம்பை மீட்டும் முளைக்கச் செய்யும் மருந்து இன்னும் இல்லை. எழுந்தால் விழுவோர்க்கு உப்பைத் தேக்கும் மாத்திரையும் இறுக்கமான காலுறையும், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தலும். இரைப்பை தேங்குவோர்க்குச் சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணுதலும் அதனை அசைக்கும் மருந்தும் விதிக்கப்படுகின்றன. மருத்துவர் நோயாளரைப் படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் குருதியமுக்கம் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கூட்டம் நெருங்கும் வைத்தியசாலைகளில் அவ்வைந்து நிமிடமே கிடைப்பதரிது.